கூரையைத் துளைத்த குழாயும் தம்புள்ளைக் குகையும்

மாத்தளைப் பக்கத்தில் ஐப்பசி பிறந்தால் பிற்பகல்தோறும் இடிமழை. மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று நக்கிள்ஸ் மலைத்தொடரில் மோதி நாட்கணக்கில் நின்று பெய்யும். இந்த இரண்டு மழைக்காலத்திலும் பல வீடுகளில் ஒரே வழக்குத்தான். மலசலகூடக் குழியிலிருந்து கிளம்பி, கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே தலைநீட்டும் காற்றுக்குழாய் இருக்கிறதே, அதன் அடியில் ஒழுகும். மேசன் பாஸ் வருவார், ஏணி வைத்து ஏறுவார், சிலிக்கனைப் பிதுக்கி ஒரு சுற்றுப் பூசிவிட்டு இறங்குவார். சீமெந்து குழைத்து அப்புகிறவர்களும் உண்டு, தார் காய்ச்சி ஊற்றுகிறவர்களும் உண்டு. அந்த வருடம் தப்பும். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் மறுபடியும் வாளி.

ஒழுக்கின் குணமும் விசித்திரமானது. நட்டுக்குத்தாகக் கொட்டும் பெருமழையில் ஒரு சொட்டுக்கூட விழாது, காற்றோடு சாய்ந்து வரும் தூறலில் ஒழுகும். குழாய் இருப்பது குளியலறைக்கு மேலே, சொட்டு விழுவதோ பக்கத்து அறைக் கட்டிலில். மழை விட்டு வெயில் எறித்த பிறகும் கொஞ்ச நேரம் சொட்டிக்கொண்டிருக்கும். ஓட்டை இருந்தால் தண்ணீர் வரும், அடைத்தால் நிற்கும் என்று நாம் போடும் கணக்குக்குள் இதில் எதுவும் அடங்காது.

கணக்கு எங்கே பிழைக்கிறது என்று பார்க்க மாவட்டத்துக்கு வெளியே போக வேண்டாம். தம்புள்ளைக்குப் போனால் போதும்.

தம்புள்ளைக் குகைக் கோயில், சமவெளியிலிருந்து ஏறத்தாழ 160 மீற்றர் எழும் ஒரு பெரும்பாறையில், தொங்கிக்கொண்டிருக்கும் பாறை விளிம்புக்கு அடியில் அமைந்திருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டின் வலகம்பா மன்னனோடு சேர்த்துச் சொல்லப்படும் கோயில் இது. 1991இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைச் சின்னமாக்கியது. உள்ளே ஐந்து குகைகளிலும் சுவரும் விதானமுமாக 2,100 சதுர மீற்றர் பரப்பில் ஓவியங்கள். வருகிறவர்கள் ஓவியத்தைப் பார்ப்பார்கள், புத்தர் சிலைகளைப் பார்ப்பார்கள். வாசலில் நின்று அண்ணாந்து பாறையின் நெற்றியைப் பார்க்கிறவர்கள் குறைவு. அங்கே பாறையின் குறுக்காக ஒரு வெட்டு ஓடுகிறது. சிங்களத்தில் கட்டாரம் என்கிறார்கள். தமிழில் வடிவிளிம்பு என்று வைத்துக்கொள்வோம்.

மேலே இருக்கும் மொட்டைப் பாறையில் விழும் மழை முழுக்கச் சரிந்து இந்த நெற்றிக்குத்தான் வருகிறது. வந்த தண்ணீர் விளிம்பிலிருந்து நேரே கீழே விழுந்துவிடும் என்றுதான் தோன்றும். விழாது. பாறையின் வளைவோடு ஒட்டிக்கொண்டு அடிப்பக்கம் திரும்பி, விதானத்தின் வழியாகக் குகைக்குள் ஊர்ந்துவிடும். அந்த ஊர்தலை நிறுத்தத்தான் சிற்பிகள் நெற்றியில் கூரான ஒரு விளிம்பை வெட்டினார்கள். ஒட்டிக்கொண்டு வரும் தண்ணீர் அந்தக் கூரில் பிடி தவறிக் கீழே சொட்டிவிடும். மாத்தளை நகரிலிருந்து சில கிலோமீற்றர் வடக்கே உள்ள அலுவிகாரையிலும் சீகிரியாவின் அடிவாரக் குகைகளிலும் இதே வெட்டு உண்டு. இவை எவ்வளவு பழையவை என்பதைப் பாறையே சொல்கிறது. இலங்கையில் இப்படி வெட்டிய பல குகைகளில், விளிம்புக்குச் சற்றுக் கீழே, குகையைத் துறவிகளுக்குத் தானம் செய்தவரின் பெயர் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. எழுத்தின் வடிவத்தை வைத்து இவற்றைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதல் கி.பி. முதலாம் நூற்றாண்டு வரையிலானவை என்று கணிக்கிறார்கள். பரணவிதான 1970இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியில் இவற்றைக் காணலாம். விளிம்புக்குக் கீழே நனையாத இடம் என்பதால்தான் அந்த எழுத்துகளில் இத்தனை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. பௌத்தத் திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்ட இடம் அலுவிகாரை என்பது மரபு. ஓலைக்கும் ஈரத்துக்கும் உள்ள பகை தெரிந்தவர்களுக்கு அந்த வெட்டின் மதிப்பு விளங்கும்.

ஒரு சொட்டுப் பசை இல்லாமல் இரண்டாயிரம் வருடம் பலித்த வேலை அது.

தண்ணீர் ஏன் அடிப்பக்கம் திரும்புகிறது? டம்ளரிலிருந்து தேநீரை மெல்லச் சரித்து ஊற்றிப் பாருங்கள். தாரையாக விழாமல் டம்ளரின் வெளிப்பக்கத்தோடு வழிந்து கையை நனைக்கும். வேகமாகச் சரித்தால் அப்படி வழியாது. அறிவியலாளர்கள் இதைக் 'கேத்தல் விளைவு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். 1956இல் மார்க்கஸ் ரைனர் இதைப் பற்றி எழுதினார். அடுத்த வருடம் ஜோசப் கெல்லர் ஒரு விளக்கம் கொடுத்தார்: விளிம்பில் திரும்பும் நீரின் உள்ளழுத்தம் வெளிக் காற்றழுத்தத்தைவிடக் குறைகிறது, அதனால் காற்றே நீரைப் பாத்திரத்தோடு சேர்த்து அழுத்துகிறது. கதை அதோடு முடியவில்லை. 2010இல் பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் நீரை ஒட்டவிடாத பூச்சு பூசிய விளிம்பில் வழிதலே நின்றுபோவதைக் காட்டினார்கள். ஆகவே காற்றழுத்தத்தோடு, நீருக்கும் பரப்புக்கும் உள்ள ஒட்டுவிசையும் சேர்ந்துதான் வேலை செய்கிறது. விளிம்பு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு வழிதல் குறையும். சிற்பிகளுக்குச் சமன்பாடு தெரிந்திருக்காது, கூர் தெரிந்திருந்தது. இன்றும் நல்ல மேசன் சன்னல் மேலே கொங்கிறீற் மறைப்புப் போடும்போது அதன் அடிப்பக்கம் விரல் நுழையும் அளவு ஒரு கோடு இழுப்பார். உங்கள் வீட்டில் அந்தக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது குழாய்க்கு வருவோம். அதன் அடிக்குத் தண்ணீர் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, கூரைச் சரிவில் மேலிருந்து ஓடிவருவது. 110 மில்லிமீற்றர் குழாய்க்கு மேலே முகடு வரை நாலு மீற்றர் சரிவு இருந்தால், மணிக்கு 50 மில்லிமீற்றர் பெய்யும் மழையில் அந்தக் குழாயின் முதுகில் மட்டும் மணிக்கு 22 லீற்றர் மோதும். பெரிய வாளி ஒன்று நிறையும் அளவு. அதே குழாய் முகட்டிலிருந்து அரை மீற்றரில் இருந்தால் மூன்று லீற்றர்கூட வராது. குழாயை எங்கே துளைக்க வேண்டும் என்ற முடிவு அந்த இடத்திலேயே பாதி ஒழுக்கைத் தீர்மானித்துவிடுகிறது.

இரண்டாவது வழி, குழாயே. நட்டுக்குத்தான மழைக்குக் குழாய் வெறும் ஒரு வட்டம், சாய்ந்த மழைக்கோ அது ஒரு சுவர். கூரைக்கு மேலே நிற்கும் இரண்டடிக் குழாயில் அறையும் சாரல் அத்தனையும் அதன் உடம்போடு ஒட்டி வழிந்து நேரே மூட்டுக்கு இறங்கும். நெளிந்த சீட்டின் மேட்டில் துளையிட்டிருந்தால் சரிவில் ஓடும் நீரில் பெரும்பகுதி பள்ளத்தோடு போய்விடும், மூட்டை அதிகம் தொடாது. குழாயில் வழியும் நீருக்கு அந்தத் தடை கிடையாது. பெருமழையில் ஒழுகாத வீடு தூறலில் ஒழுகும் மர்மம் பெரும்பாலும் இவ்வளவுதான். காற்றும் தன் பங்குக்குத் தள்ளும். மணிக்கு 54 கிலோமீற்றர் காற்றின் அழுத்தம் தண்ணீரை ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் மேலே ஏற்றப் போதும், 72 கிலோமீற்றர் என்றால் 24 மில்லிமீற்றர். ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் கணவாயில் நின்றவர்களுக்கு இந்தக் காற்று புதிதாக இருக்காது. பத்துப் பாகை சரிவுள்ள தட்டைக் கூரையில் இரண்டு சீட்டுகள் 15 சென்ரிமீற்றர் மேலுக்கு மேல் படிந்தாலும், அதன் உண்மையான உயரம் 26 மில்லிமீற்றர்தான்.

இனி, நம்மை அதிகம் ஏமாற்றும் விஷயம்: சின்ன இடைவெளி பெரிய இடைவெளியைவிட மோசமானது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு சிறிய கண்ணாடித் தகடுகளைக் கழுவித் துடைத்துச் சேர்த்துப் பிடியுங்கள். ஒரு பக்க ஓரம் ஒட்டியிருக்கட்டும், மறுபக்க ஓரத்தில் ஒரு தீக்குச்சியைச் சொருகி ரப்பர் வளையம் போட்டு, சாயத் தேநீர் ஊற்றிய தட்டில் நிறுத்துங்கள். தேநீர் தானாக மேலே ஏறும். தீக்குச்சிப் பக்கம் கொஞ்சம், ஒட்டியிருக்கும் பக்கம் போகப்போக மிக உயரமாக. அழகான வளைகோடு ஒன்று கிடைக்கும். 1712இல் இங்கிலாந்தில் புரூக் டெய்லரும் பிரான்சிஸ் ஹாக்ஸ்பியும் பார்த்தது இதே கோட்டைத்தான். காற்றழுத்தம்தான் நீரை ஏற்றுகிறது என்று அப்போது பலர் நம்பினார்கள். ஹாக்ஸ்பி காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் கலத்துக்குள் இதைச் செய்துகாட்டினார். அங்கேயும் நீர் ஏறியது. ஏற்றுவது நீருக்கும் கண்ணாடிக்கும் உள்ள ஒட்டுவிசையே என்பது இப்படித்தான் தெளிந்தது. நுண்புழை ஏற்றம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இடைவெளி ஒரு மில்லிமீற்றர் என்றால் நீர் சுமார் 15 மில்லிமீற்றர் ஏறும். அதில் பத்தில் ஒன்று என்றால் 15 சென்ரிமீற்றர். கூரையில் தூசியும் பாசியும் இருப்பதால் இந்த அளவு முழுமையாக வராது, ஆனாலும் போக்கு இதுதான். மயிரிழை வெடிப்பு மழையை எதிர்த்திசையில் மேலே இழுக்கும். மழை விட்ட பிறகும் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். விட்ட நீர் கூரை மரத்தின் அடிப்பக்கத்தோடு ஒட்டி ஊர்ந்து, ஓர் ஆணியோ கூரான முனையோ எதிர்ப்படும் இடத்தில்தான் சொட்டும். பக்கத்து அறைக் கட்டில் நனைவது அதனால்தான்.

ஆக, பாஸ் பூசிய சிலிக்கன் விலகி மயிரிழை திறந்தால், பூசாமல் விட்டதைவிட அது கெடுதலாகலாம். விலகுமா? விலகும். குழாயின் கால் தரையில், கூரையின் கால் சுவரில். பீவிசி குழாய் வெப்பத்துக்கு நன்றாக நீளும்: நாலு மீற்றர் குழாய் 20 பாகை சூடேறினால் ஐந்து மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் அதிகமாக. இரும்புத் தகரமோ சீமெந்துச் சீட்டோ அதில் ஐந்தில் ஒரு பங்குதான் நீளும். நண்பகலில் கூரை 60 பாகையைத் தாண்டியிருக்கும், மூன்று மணிக்கு இடிமழை விழுந்தால் சில நிமிடங்களில் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். ஐப்பசி முழுக்க இது நாள்தோறும் நடக்கும். அந்த மூட்டு ஒவ்வொரு நாளும் மேலும் கீழும் உரசிக்கொண்டேயிருக்கிறது.

நல்ல சிலிக்கன் தன் அகலத்தில் நாலில் ஒரு பங்கு அசைவைத் தாங்கும் என்பது பொதுவான தரம். ஐந்து மில்லிமீற்றர் அசைவுக்கு 20 மில்லிமீற்றர் அகலப் பட்டை வேண்டும். மெல்லிசாக விரலால் தடவிய பூச்சு அந்தக் கணக்கின் பக்கத்திலேயே வராது. சீமெந்துக் கலவைக்கு நீட்சியே கிடையாது, முதல் வாரமே கோடு விடும். தார் வெயிலில் இளகும், நாளடைவில் காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி இறுகி நொறுங்கும். கடையில் வாங்கும்போது சிலிக்கனிலும் வகை பார்க்க வேண்டும். பிதுக்கினால் வினாகிரி மணம் வருவது அசற்றிக் அமிலத்தை விட்டு இறுகும் வகை, குளியலறைக் கண்ணாடிக்கு நல்லது. நாகமுலாம் பூசிய தகரத்தை அந்த அமிலம் அரிக்கும், சீமெந்திலும் சரியாகப் பிடிக்காது. கூரைக்கு மணமில்லாத நடுநிலை வகையைக் கேளுங்கள்.

ரப்பர் வளையம் போடலாமே என்றால், எந்த ரப்பர் என்பது கேள்வி. நம் தோட்டத்து இயற்கை ரப்பரின் நெடுஞ்சங்கிலி மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள சொற்ப ஓசோன் அந்த இடங்களைத் தேடி வெட்டும். இழுத்துக் கட்டிய பழைய ரப்பர்ப் பட்டையில் இழுவைக்குக் குறுக்காக வரிவரியாக வெடிப்பு விழுந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள், அது ஓசோனின் கைவேலை. ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரின் முதுகெலும்பில் அந்தப் பிணைப்பு இல்லை. சிலிக்கனின் முதுகெலும்போ காபனே அல்ல, சிலிக்கன் அணுவும் ஒட்சிசன் அணுவும் மாறிமாறிக் கோத்தது, புற ஊதாக் கதிருக்கும் அசையாது. அதனால்தான் கூரைக் குழாய்க்கென்று செய்யும் காலர்கள் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கின்றன.

இவ்வளவு தொல்லை தரும் குழாயைப் பிடுங்கி எறிந்துவிடலாமா? கூடாது. கழிப்பறைக் கோப்பையின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி, குழியின் நாற்றத்தைத் தடுக்கும் பூட்டாக நிற்கிறது. 1775இல் அலெக்சாண்டர் கமிங் என்ற கடிகாரக்காரர் காப்புரிமை வாங்கிய யோசனை அது. குழியில் சேரும் மெதேனும் ஐதரசன் சல்பைட்டும் வெளியேற வழியில்லாவிட்டால் அந்தத் தண்ணீர்ப் பூட்டைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வரும். குழாய் வேண்டும், கூரைக்கு மேலேயும் போக வேண்டும். நுனியில் கொசுவலைத் துண்டு ஒன்று கட்டிவிட்டால் குழியில் பெருகும் கொசுவும் வெளியே வராது.

பரிகாரம் தம்புள்ளையிலேயே இருக்கிறது. முதலாவது, குழாயைச் சுற்றி, மூட்டுக்கு ஒரு சாண் மேலே, குடைபோல விரிந்த ஒரு கழுத்துப்பட்டை. தகரத்தில் வெட்டிக் கவ்வி இறுக்கலாம். குழாயில் வழியும் நீர் அந்தக் குடையின் கூர் விளிம்பில் பிடி தவறி, மூட்டைத் தாண்டி விழும். குழாய்க்கு ஒரு கட்டாரம், அவ்வளவுதான். இரண்டாவது, பாஸ்மார் பிளாஷிங் என்று சொல்லும் மடிப்புத் தகடு. மேல் பக்கம் அது மேல் சீட்டுக்கு அடியில் போக வேண்டும், கீழ்ப் பக்கம் கீழ்ச் சீட்டுக்கு மேலே படிய வேண்டும். ஓடு அடுக்கத் தெரிந்த எவருக்கும் இந்த முறை புரியும். ஆனால் குழாய் வேலையில் மட்டும் ஏனோ தகட்டைச் சீட்டுக்கு மேலே வைத்துச் சுற்றிலும் பசை பூசிவிடுகிறார்கள். அப்போது மேலிருந்து வரும் 22 லீற்றரும் பசையை நம்பி நிற்கிறது. மடிப்பும் குடையும் சரியாக இருந்தால் பசைக்கு அதிக வேலையில்லை. இரண்டு மூன்று வருடத்தில் அது விட்டாலும் வீடு நனையாது.

எல்லா ஒழுக்கையும் இப்படித் தீர்க்க முடியாது. தம்புள்ளையின் இரண்டாவது குகையில் விதானத்துப் பாறைப் பிளவிலிருந்து நீர் சொட்டிக்கொண்டேயிருக்கிறது. வெளியே கட்டாரம் வெட்டியவர்களால் அதை நிறுத்த முடியவில்லை. அது பரப்பில் ஊர்ந்து வருவதில்லை, பாறைக்குள்ளேயே ஊறி வருகிறது. கீழே ஒரு பாத்திரம் வைத்து, அந்த நீரைப் புனிதமாக்கிவிட்டார்கள். சீட்டே வெடித்திருந்தால் உங்களுக்கும் மடிப்பு உதவாது, சீட்டை மாற்றத்தான் வேண்டும். எது என்று அறிய, மழையில்லாத நாளில் ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் ரப்பர்க் குழாயால் மூட்டுக்குக் கீழே முதலில் பத்து நிமிடம், பிறகு மூட்டில், பிறகு குழாயின் உடம்பில் என்று கீழிருந்து மேலாக நீர் விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் தெரியாது.

சீட்டைத் தொடும்போது எச்சரிக்கை வேண்டும். பழைய நெளிசீட்டுகள் பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ். அதன் தூசி நுரையீரல் புற்றுநோய்க்கும் மீசோதீலியோமாவுக்கும் காரணம் என்பதில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்துக்கு ஐயமில்லை. இலங்கை 2018 ஜனவரி முதல் இதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி நம் தேயிலையை நிறுத்தியது. ரஷ்யா அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடு. கட்டுப்பாடு தள்ளிப்போயிற்று, தேயிலை மறுபடி கப்பலேறியது. அரசுகளின் பேரம் எப்படியோ போகட்டும். உங்கள் கூரையில் கிரைண்டர் வைக்க விடாதீர்கள். சீட்டை நனைத்து, கைத்துளைப்பானால் மெல்லத் துளைக்கச் சொல்லுங்கள். சீட்டின் மேல் நேரே கால் வைத்தால் உடைந்து விழும். மரத்துக்கு மரம் பலகை போட்டுத்தான் ஏற வேண்டும்.

செலவைப் பற்றிச் சொன்னால், 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது மே மாதத்துக்குள் 360ஐத் தொட்ட பிறகு, இறக்குமதியாகும் சிலிக்கன், தகடு, ரப்பர் காலர் எல்லாமே விலையேறிவிட்டன. அப்படியும் இந்த வேலையில் பொருளைவிடக் கூலிதான் பெரிது. பாஸுக்கு ஒரு நாள், ஏணி பிடிக்க ஒருவருக்கு ஒரு நாள். வெறும் பூச்சுக்கும் அதே கூலி, மடிப்புத் தகடு வைக்கவும் ஏறக்குறைய அதே கூலிதான். வருடாவருடம் பூசுகிறவர் அந்தக் கூலியை வருடாவருடம் கொடுக்கிறார். தவறி ஒரு சீட்டு உடைந்தால் அதுவும் அவர் தலையில்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இதைவிட மலிவான வழி ஒன்று உண்டு. குழாயைச் சுவருக்கு வெளியே ஏற்றி, கூரைச் சாய்ப்பு வரும் இடத்தில் இரண்டு 45 பாகை முழங்கைகள் போட்டு விளிம்பைச் சுற்றி மேலே கொண்டுபோகச் சொல்லுங்கள். கூரையில் துளையே விழாது. ஏற்கெனவே துளைத்துவிட்டவர்கள், அடுத்த முறை பாஸ் ஏணியில் கால் வைக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தகடு மேல் சீட்டுக்கு அடியில் போகுமா? போகாது என்றால் அவரை ஏற விடாதீர்கள்.